குளிர்காலப் பைக் பயணம்: துணியைக் கூட்டுவதா, காற்றைத் தடுப்பதா, மின்சாரத்தில் சூடேற்றுவதா?

குளிர்காலம் வந்தாலும் பைக்கை ஓரங்கட்ட மனமில்லாதவர்களுக்கு வருஷா வருஷம் ஒரே குழப்பம்தான். தடித்த ஜாக்கெட் வாங்குவதா, உள்ளே போடும் தெர்மல் உடையே போதுமா, சூடேறும் கையுறையா, ஹேண்டிலில் மாட்டும் ஹீட்டட் கிரிப்பா? எல்லாவற்றின் மீதும் ‘குளிருக்கு ஏற்றது’ என்றுதான் எழுதியிருக்கும். எல்லாவற்றையும் வாங்கவும் முடியாது, வாங்கினாலும் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஓட்டவும் முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் காற்றை நிறுத்துங்கள். அதற்கு அப்புறம் துணி. அதுவும் போதவில்லை என்றால்தான் மின்சாரம். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. அதனால்தான் நிறையச் செலவு செய்தவர்கள்கூட வண்டியில் நடுங்கிக்கொண்டே போகிறார்கள்.

5 டிகிரி குளிரில் அசையாமல் நின்றால் தாங்கிக்கொள்ளலாம். அதே குளிரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 3 டிகிரி போல உறைக்கும். 0 டிகிரியில் அதே வேகம் என்றால் கிட்டத்தட்ட மைனஸ் 10. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கு தருகிற விடை இது. இதற்கு முன்னோடி, பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இருவர் அண்டார்டிகாவில் தண்ணீர் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று அளந்து 1945இல் வெளியிட்ட கணக்கு. நம் உடம்பைச் சுற்றி எப்போதும் மெல்லிய வெதுவெதுப்பான காற்று ஒட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது, உடம்பு மறுபடி சூடாக்குகிறது, மறுபடி அடித்துக்கொண்டு போகிறது.

ஸ்வெட்டரின் கதையும் இதேதான். கம்பளியோ பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. அந்தக் காற்றை வெளிக்காற்று துரத்திவிட்டால், இரண்டு ஸ்வெட்டர் போட்டாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இதைச் சொகுசுப் பிரச்சினையாக மட்டும் நினைக்காதீர்கள். விரல் மரத்துப்போனால் பிரேக் லீவரைப் பிடிக்கும் நேரம் தள்ளிப்போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி தாமதம் என்றால் வண்டி 11 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். முன்னால் போகும் வண்டி திடீரென்று நிற்கும்போது அந்த 11 மீட்டர்தான் எல்லாம்.

மேல் உடை: எது காற்றை நிறுத்துகிறது?

இங்கே நான்கு வழிகள் உண்டு. கோடைக்கால வலை ஜாக்கெட்டுக்குள் குளிர்கால லைனரை, அதாவது கழற்றி மாட்டும் உள் அடுக்கை, பொருத்திக்கொள்வது முதல் வழி. ஒரே ஜாக்கெட்டில் இரண்டு பருவத்தையும் ஓட்டிவிடலாம் என்பதால் நிறையப் பேருக்குப் பிடிக்கும். எனக்கு இது பிடிப்பதில்லை. காற்று வலை வழியாக உள்ளே வந்துவிட்ட பிறகுதான் லைனரில் மோதுகிறது. தடுப்பு வெளியே இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் பாதிப் பயன்தான்.

தோல் ஜாக்கெட் காற்றை நன்றாக நிறுத்தும், ஆனால் ஜிப் வழியாகக் கோடு போட்டது போல் குளிர் இறங்கும். ஜிப்புக்குப் பின்னால் அகலமான துணி மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்துவிட்டால் தோல் காய நாளாகும், எடையும் ஏறும்.

கோர்டெக்ஸ் போன்ற சவ்வு ஒட்டிய ஜாக்கெட் மூன்றாவது வழி. காற்றும் மழையும் உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும். சவ்வு வெளித்துணியோடு சேர்த்து ஒட்டியிருப்பது ஒரு வகை, உள்ளே தனி அடுக்காகத் தொங்குவது இன்னொரு வகை. முதலாவது விலை அதிகம். ஆனால் அதன் வெளித்துணி தண்ணீரை உறிஞ்சி ஊறிக்கொண்டிருக்காது. குளிரில் இது பெரிய விஷயம். ஈரத்தோடு ஓட்டும்போது உடம்புச் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும்.

நான்காவது வழியைத்தான் முதலில் முயன்று பாருங்கள் என்பேன். ஏற்கெனவே இருக்கும் ஜாக்கெட்டுக்கு மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். காற்று புகாத ஒரு தாள் போன்ற துணி, அவ்வளவுதான் தேவை. பார்க்க அழகாக இருக்காது, வேகத்தில் படபடவென்று அடிக்கும், அதனால் கையிலும் இடுப்பிலும் பட்டை வைத்து இறுக்கும் வகையாக இருப்பது நல்லது. வெளிச்சத்தில் மின்னும் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, குளிர்காலத்தில் விடிவது தாமதம், இருட்டுவது சீக்கிரம். இதைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறமும் குளிர்ந்தால் மட்டும் புது ஜாக்கெட்டைப் பற்றி யோசியுங்கள். அந்த ஒரு வாரத்திலேயே பாதிப் பேருக்குப் புது ஜாக்கெட் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

உள்ளே போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ போதும். நடுவில் ஒரு ஃபிளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழைத் துணி. இறகு அடைத்த மெல்லிய ஜாக்கெட்டும் நடு அடுக்குக்கு நன்றாக இருக்கும், நனையாத வரை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடுக்குகளைத் திணித்து ஜாக்கெட் இறுகினால் உள்ளே இருக்கும் காற்று நசுங்கிவிடும், சூடு குறையும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதும் கஷ்டமாகும்.

கை: இங்கேதான் உண்மையான போட்டி

உடம்பில் முதலில் தோற்பது கைதான். காற்றுக்கு நேராக நீட்டியிருக்கிறது, அசைவு குறைவு, விரல்கள் மெலிது. கூடவே, நடு உடம்பு குளிர ஆரம்பித்ததும் மூளை கைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்றுவதற்காக.

தடித்த குளிர்காலக் கையுறையை எல்லோரும் முதலில் வாங்குவார்கள். அரை மணி நேரப் பயணத்துக்கு நல்ல கையுறை போதும். அதற்கு மேல் அது தோற்கும், ஏனென்றால் கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. தடிமன் கூடக் கூட லீவரின் உணர்வும் குறையும். ஒரு அளவு பெரியதாக எடுங்கள். விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், இறுக்கினால் ரத்தமும் ஓடாது.

கையுறையின் மணிக்கட்டுப் பகுதியைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்தபடி கையை நீட்டும்போது ஜாக்கெட் கை பின்னுக்கு இழுபடும், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரியும். நாடி பார்க்கும் அதே இடத்தில்தான் ரத்தக்குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே காற்று பட்டால் விரலுக்குப் போகும் ரத்தம் போகும் வழியிலேயே குளிர்ந்துவிடும். உலர்ந்த குளிரில் நீளமான மணிக்கட்டு உள்ள கையுறையை ஜாக்கெட் கைக்கு மேலே இழுத்து இறுக்குங்கள். மழையில் அப்படியே மாற்றி, கையுறை உள்ளே, ஜாக்கெட் கை வெளியே, இல்லாவிட்டால் கை வழியாக ஓடிவரும் தண்ணீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும். வாங்கும்போது கடையிலேயே கையை நீட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹீட்டட் கிரிப் ஜோடிக்குச் சுமார் 30 முதல் 40 வாட் எடுக்கும். ஒருமுறை பொருத்திவிட்டால் மறந்துவிடலாம், சார்ஜ் போட வேண்டியதில்லை, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: அது உள்ளங்கையைச் சூடாக்குகிறது, காற்று அடிப்பதோ புறங்கையில். உள்ளங்கை சுட, விரல் முட்டி விறைத்துக் கிடக்கும். தடித்த கையுறையோடு ஹீட்டட் கிரிப்பைப் பயன்படுத்தினால் அதுவும் வீண்தான், சூடு கையுறையின் பஞ்சைத் தாண்டி உள்ளே வராது. உள்ளங்கை மெலிதாகவும் புறங்கை தடிமனாகவும் உள்ள கையுறைதான் இதற்குப் பொருத்தம்.

சூடேறும் கையுறையில் கம்பிகள் புறங்கையிலும் விரல் பக்கவாட்டிலும் ஓடுகின்றன, குளிர் தாக்கும் இடத்திலேயே சூடு. பேட்டரியில் ஓடும் வகையில் பொதுவாக 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கும். 2.2 ஆம்பியர்-மணி என்றால் 16 வாட்-மணி சொச்சம். கையுறை 8 வாட் எடுத்தால் இரண்டு மணி நேரம்தான் வரும், குளிரில் அதுவும் குறையும். வண்டிப் பேட்டரியில் இணைக்கும் 12 வோல்ட் வகை எவ்வளவு தூரமானாலும் ஓடும், ஆனால் ஜாக்கெட் கைக்குள்ளே ஒயர் இழுக்க வேண்டும், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கழற்ற வேண்டும். தினமும் நான்கு இடத்தில் இறங்கி ஏறுபவர்களுக்கு இது சலித்துவிடும்.

பலருக்குப் பிடிக்காதது, எனக்கு மிகவும் பிடித்தது, ஹேண்டில் மஃப். ஹேண்டிலின் இரு முனையிலும் நிரந்தரமாக மாட்டிவிடும் பெரிய பை, கையை அதற்குள்ளே நுழைத்து ஓட்ட வேண்டும். வண்டியின் அழகு கெட்டுப்போகும் என்பது உண்மைதான். ஆனால் காற்றும் மழையும் கைக்கு வருவதே இல்லை, அதனால் மெல்லிய கையுறையே போதும், லீவரின் உணர்வும் முழுசாக இருக்கும். இதோடு ஹீட்டட் கிரிப்பைச் சேர்த்தால் பைக்குள் இருக்கும் காற்று முழுவதும் சூடாகிவிடும். கிரிப்பின் குறையை மஃப் தீர்க்கிறது, மஃபின் குறையைக் கிரிப் தீர்க்கிறது. உடம்பில் ஒயரும் இல்லை, சார்ஜும் இல்லை. கைக்கு நான் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இந்த ஜோடியைத்தான் சொல்வேன்.

ஆனால் மஃப் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். துணி தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் காற்று அதைப் பின்னுக்கு அழுத்தும், துணி லீவரை அழுத்தும். முன் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும், பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கிளட்ச்சும் தேயும். உள்ளே விறைப்பான தகடோ சட்டமோ உள்ள வகையை வாங்குங்கள், அல்லது முன்னால் ஹேண்ட் கார்டு (கைக்கு முன்னே நிற்கும் விறைப்பான தடுப்பு) வைத்து அதற்கு மேலே மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று ஹேண்டிலை இருபுறமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். பைக்குள் இருக்கும் இண்டிகேட்டர், ஹாரன் பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியாது, அதனால் நின்ற வண்டியில் கையை நுழைத்து எடுத்துப் பழகிவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும்.

மின்சாரச் சூடு: கைக்கா, மார்புக்கா?

மின்சாரத்துக்குச் செலவு செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கையுறைதான், வலி அங்கேதானே இருக்கிறது. நான் மார்புக்கு ஓட்டுப்போடுவேன். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. சூடேறும் ஜாக்கெட் லைனர் ஒன்று 70, 80 வாட் தரும். நடு உடம்புக்கு அவ்வளவு உபரி கிடைத்தால், கைக்கும் காலுக்கும் அடைத்துவைத்த ரத்தத்தை உடம்பு திறந்துவிடும். கையில் கம்பியே இல்லாமல் கையில் சூடு ஏறும். உள்ளே போட்டிருக்கும் துணியையும் குறைத்துக்கொள்ளலாம், உடம்பு லேசாக இருக்கும், நீண்ட பயணத்தில் களைப்பும் குறையும்.

லைனரை மெல்லிய உள்ளுடைக்கு மேலே, உடம்போடு ஒட்டினாற்போல் போட வேண்டும். தொளதொளப்பாக இருந்தால் சூடு உடம்புக்கு வராது. வெறும் தோலில் நேரடியாகப் போடக் கூடாது. குளிரில் மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, மெதுவாகச் சுட்டுவிடும்.

இதில் உங்கள் வண்டி என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு சிறிய பைக்கின் மின் உற்பத்தி 180 வாட் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு விளக்கு 35, பின்விளக்கும் மீட்டரும் 10, இக்னிஷனும் எரிபொருள் பம்பும் சேர்ந்து 70 என்றால் மிச்சம் 65 வாட். அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போதுதான், சிக்னலில் நிற்கும்போது உற்பத்தி சரிந்துவிடும். கிரிப் தாங்கும், லைனர் தாங்காது, இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய டூரிங் பைக்குகளில் 400 வாட்டுக்கு மேல் உற்பத்தி இருக்கும், அங்கே கவலை இல்லை. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் ஆல்டர்னேட்டர் (வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) எத்தனை வாட் என்று போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். சிறிய வண்டிக்காரர்களுக்குத் தனிப் பேட்டரியில் ஓடும், கையில்லாத சூடேறும் வெஸ்ட் பொருத்தம். அது 10, 20 வாட்தான் தரும், ஆனால் காற்று புகாத மேலுடைக்குள்ளே அந்த 20 வாட்டே நன்றாகத் தெரியும்.

ஒயரிங் செய்யும்போது பேட்டரியிலிருந்து நேராக இழுத்து நடுவில் ரிலேயும் (சாவியோடு சேர்ந்து மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பியூஸும் வையுங்கள். சாவியை அணைத்தால் இதுவும் அணைய வேண்டும். குளிரில் பேட்டரி ஏற்கெனவே சோர்ந்திருக்கும், ராத்திரி முழுக்கக் கிரிப் எரிந்தால் காலையில் வண்டி எழுந்திருக்காது. 12 வோல்ட்டில் 77 வாட் லைனர் என்றால் ஆறரை ஆம்பியர் போகும், 10 ஆம்பியர் பியூஸ் சரியாக இருக்கும்.

கையடக்கச் சூட்டுப் பைகளும் கிடைக்கின்றன. உள்ளே இரும்புத் தூள், காற்றுப் பட்டதும் துருப்பிடித்து அந்த வேதிவினையில் சூடு வரும். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அணைந்துவிடும் என்பதால் இறுக்கமான ஷூவுக்குள் அவ்வளவாக வேலை செய்யாது. அவசரத்துக்கு வண்டிப் பெட்டியில் இரண்டு கிடக்கட்டும்.

மற்றவை

விண்ட்ஷீல்ட் மார்புக்கு வரும் காற்றைத் திருப்பிவிடும், நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கு அது ஒரு ஸ்வெட்டருக்குச் சமம். ஆனால் உயரம் பொருந்தாவிட்டால் காற்று சுழன்று ஹெல்மெட்டில் அடிக்கும், தலை ஆடும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்குத் தேவையில்லை. ஸ்கூட்டர்காரர்கள் இடுப்பிலிருந்து முட்டிவரை மூடும் கால் போர்வையைப் பார்க்கலாம், முட்டிக்கு அதைவிட நல்லது இல்லை.

கழுத்துக்கு ஒரு மெல்லிய நெக் வார்மர், இந்தக் கட்டுரையிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தருவது அதுதான். மஃப்ளர் வேண்டாம், நுனி அவிழ்ந்து பறந்தால் சக்கரத்தில் மாட்டும் ஆபத்து உண்டு. வைசரில் ஆவி படிவதற்குப் பின்லாக் போன்ற இரட்டைக் கண்ணாடித் தகடுதான் சரியான தீர்வு. தெளிக்கும் மருந்துகள் கொஞ்ச நேரத்துக்குத்தான். காலுக்குத் தடித்த சாக்ஸ் இரண்டைத் திணிப்பதைவிட ஒன்றைப் போட்டு ஷூவுக்குள் விரல் அசைய இடம் விடுவதுதான் சூடு.

யாருக்கு எது?

நகரத்துக்குள் அரை மணி நேரம் ஓட்டுபவருக்கு மேலே மழைக்கோட்டு, நெக் வார்மர், நீள மணிக்கட்டுக் கையுறை போதும். மின்சாரம் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் போய் வருபவருக்கு இவற்றோடு மஃப்பும் ஹீட்டட் கிரிப்பும். சவ்வு ஜாக்கெட்டுக்கு இங்கேதான் அர்த்தம் வருகிறது, ஏனென்றால் மழையிலும் போய்த்தான் ஆக வேண்டும். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், வண்டியின் மின்சாரம் இடம் கொடுத்தால் 12 வோல்ட் லைனரை முதலில் வாங்கட்டும், கிரிப்பை அடுத்து, சூடேறும் கையுறையைக் கடைசியில். விரல்கள் சீக்கிரம் வெளுத்து வலிக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றிக் கையுறையை முன்னே கொண்டுவருவேன். 3 டிகிரிக்குக் கீழே போனால் பாலங்களில் பனிக்கட்டி படிந்திருக்கலாம், அன்றைக்கு எந்த உடையும் டயருக்குப் பிடிப்புத் தராது, வண்டியை எடுக்காதீர்கள்.

பின்னால் உட்கார்ந்து வருபவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓட்டுபவர் கையையும் காலையும் அசைத்துக்கொண்டே இருக்கிறார். பின்னால் இருப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், பிடித்துக்கொள்ளச் சூடான கிரிப்பும் இல்லை, முட்டி இரண்டும் காற்றில் இருக்கின்றன. மார்புக்கு மட்டும் உங்கள் முதுகு மறைப்பாகிறது. வீட்டில் பேட்டரி வெஸ்ட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை அவருக்குக் கொடுங்கள், நீங்கள் மஃப்பை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். அவரிடம் அரை மணிக்கு ஒருமுறை பேச்சுக் கொடுங்கள். பதில் குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று சோர்ந்து அமைதியாகிவிட்டாலோ, உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். வண்டியை உடனே நிறுத்தி, கூரையுள்ள இடத்துக்குள் கூட்டிப்போய், ஈர உடையை மாற்றி, மார்பையும் கழுத்தையும் முதலில் மூடி, உடனே மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள். முழு நினைவோடு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் சூடாகக் குடிக்கக் கொடுங்கள், மது வேண்டவே வேண்டாம். கையையும் காலையும் தேய்த்துச் சூடாக்க முயல வேண்டாம்.